தீப்பெட்டியை வீட்டில் வை... தண்ணீரை முதுகில் வை!

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்று ஒரு பழமொழி உண்டு. வெட்டியாக உட்கார்ந்து காலாட்டுகிற சமாசாரம் இல்லை அது. குழித்தறியில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பட்டு நெய்ய முடியும். கால் ஓடினால்தான் சோறு! அந்தத் தறிக்காரர்களின் பிள்ளைகளில் பலர் இன்று விடிகாலையில் கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மேஜைக்கடியில் காலாட்டுகிறார்கள். அது வேறு காலாட்டல். அதில் வளர்வது தொப்பை மட்டும்தான்.

அதனால்தானோ என்னவோ, கோடை வந்ததும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு புண்ணியவான் கொளுத்திப் போடுகிறார்: “மச்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறலாமா?”

உடனே பத்து கட்டை விரல்கள் உயரும். ஒருவர் சோளிங்கர் என்பார். “அங்கேதான் 2024-லேயே ரோப் கார் வந்துடுச்சே, அதுல என்னடா த்ரில்?” என்று அடுத்தவர் கேட்பார். ஒருவர் செஞ்சிக் கோட்டை என்பார். கடைசியில் பர்வதமலை என்று முடிவாகும். செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகப் போனால் கடலாடி. அங்கிருந்து நல்ல உயரம். மேலே போகப் போக, பாறையில் அடித்த கடப்பாறைகளையும் இரும்பு ஏணியையும் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். ஜோரான இடம்தான், சந்தேகமில்லை.

முடிவான அடுத்த நிமிடம் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? ஆன்லைனில் ஷாப்பிங்! ஏழாயிரம் ரூபாய்க்குப் பை, அதில் பதினாறு ஜிப். எவரெஸ்டில் போடுகிற மாதிரி கையுறை. கத்தி, திசைகாட்டி, மழையிலும் எரியும் தீக்குச்சி. தண்ணீர் மட்டும், “வழியில வாங்கிக்கலாம்டா!”

இந்த வியாதி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் என்று ஓர் ஊர். குளிரும் மழையும் பனிமலையுமாக இருக்கும் பிரதேசம். அங்கே 'மவுண்டனியர்ஸ்' என்ற மலையேற்ற கிளப், 1930-களில், 'மலைக்குப் போகிறவன் பையில் அவசியம் இருக்கவேண்டிய பத்துப் பொருள்' என்று ஒரு பட்டியல் போட்டது. வரைபடம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும், கூடுதல் உடை, டார்ச், முதலுதவி மருந்து, நெருப்பு மூட்டும் பொருள், தீப்பெட்டி, கத்தி, கூடுதல் சாப்பாடு. உலகம் முழுக்கப் பிரபலமான லிஸ்ட் இது.

ஒரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தீப்பெட்டி இருக்கிறது. நெருப்பு மூட்டும் பொருள் தனியாக இருக்கிறது. தண்ணீர்? இல்லை!

அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் ஊரில் மலையில் ஆளைக் கொல்வது குளிர். போகிற வழியெல்லாம் ஓடை. நம் ஊர்க் கோடையில் கதை தலைகீழ். இங்கே ஆளைச் சாய்ப்பது வெயில், தாகம், நெருப்பு. அடுத்தவன் லிஸ்டை அப்படியே காப்பியடித்தால் பரீட்சையில்தான் பாஸ் பண்ணலாம். மலையில் முடியாது. நமக்கு நம் லிஸ்ட் வேண்டும். போடலாமா?

*

முதலில் தண்ணீர். வெயிலில் மலை ஏறுகிறவனுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தேவை. ஏறி இறங்க ஆறு மணி நேரம் என்றால் குறைந்தது மூன்று லிட்டர். அவசரத்துக்கு ஒன்று. ஆக நாலு லிட்டர், நாலு கிலோ. கனமான கல்யாணப் பட்டுப்புடவை ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். நாலு முகூர்த்தப் புடவைகளை முதுகில் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கனமாக இருக்கிறதா? குடிக்கக் குடிக்கக் குறையும். பையில் வேறு எதைக் குறைத்தாலும் இதில் கை வைக்காதீர்கள். ஒரே பெரிய கேனாக வேண்டாம். அது உடைந்தால் எல்லாம் போச்சு. ஒரு லிட்டர் பாட்டில் நாலு, நாலு முறை நிரப்பித் தூக்கும்படியான கெட்டி பாட்டிலாக.

இரண்டாவது, உப்பு. வியர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பின் அளவு இறங்கித் தலை சுற்றும், வாந்தி வரும். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் எத்தனை தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனையில்தான் கலக்கவேண்டும். கடை மூடிவிட்டதா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தீர்ந்தது விஷயம். பாட்டில் பாட்டிலாகக் கலர் பானமும், முக்கியமாக 'அந்த' பாட்டிலும் வேண்டாம். மது உடம்பிலிருக்கிற தண்ணீரையும் வெளியே அனுப்பும், புத்தியையும் வெளியே அனுப்பும். பாறை விளிம்பில் இரண்டும் தேவை!

மூன்றாவது, சாப்பாடு. இதற்கு வெளியூர் போகவே வேண்டாம். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி இருக்கிறதே, அதைவிட நல்ல மலைச் சாப்பாடு எது? மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஆவியில் வேகவைப்பது. சாதா இட்லி மாதிரி சீக்கிரம் கெடாது. சட்னி, சாம்பார் என்று கூட ஒரு தூக்கு தேவையில்லை. கூடவே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். பிரியாணிப் பொட்டலத்தைக் கீழே வந்து பிரியுங்கள். மேலே பிரித்தால் குரங்கு பங்குக்கு வரும். சோளிங்கர் படி ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையில் பாலிதீன் கவர் ஆடினால் போதும், பாகப் பிரிவினை ஆரம்பம்! எல்லாம் பைக்குள், ஜிப்புக்குள் இருக்கட்டும்.

நாலாவது, துண்டு. இரண்டு முழம் பருத்தித் துண்டுக்கு ஈடாக ஏழாயிரம் ரூபாய்ப் பை எதையும் கொடுக்க முடியாது. நனைத்துக் கழுத்தில் போட்டால் ஏ.ஸி. தலையில் கட்டினால் குடை. கை பிசகினால் தொட்டில் கட்டு. புகை வந்தால் மூக்குக்குத் திரை. கூட ஓர் அகலமான தொப்பியும், காலைக் கவ்விப் பிடிக்கிற, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவும். புது ஷூவை மலையில் திறப்பு விழா செய்தால் இறங்கும்போது குதிகாலில் கொப்புளம் நிச்சயம். கோயில் பக்கம் செருப்பைக் கழற்றவேண்டி வரும். வெயிலில் பாறை தோசைக்கல். கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி இருக்கட்டும்.

ஐந்தாவது, டார்ச். “செல்போன்லயே இருக்கே ஸார்!” இருக்கிறது. அதுதான் உங்கள் போன், கேமரா, மேப், பாட்டுப் பெட்டி எல்லாமும். சாயங்காலம் ஐந்து மணிக்கே அது கண்ணை மூடிவிடும். தனி டார்ச், புது பேட்டரி. ஒரு விசிலும் எட்டணாக் கனம்தான். வழி தப்பினால் மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். தொண்டை கட்டிப்போகும், விசில் கட்டிப்போகாது.

ஆறாவது, மருந்து. தினசரி சாப்பிடும் மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி, புண்ணுக்குக் களிம்பு. பாம்பு கடித்தால் கீறுவதற்கு பிளேடு, கட்டுவதற்குக் கயிறு என்று சிலர் சினிமா பார்த்துவிட்டு எடுத்து வருகிறார்கள். இரண்டும் கூடாது. கீறக் கூடாது, உறியக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் நம் பக்கத்து இருளர்களும் உண்டு. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது.

ஏழாவது, மஞ்சப்பை. கொண்டு போன குப்பையைக் கீழே கொண்டுவருவதற்கு. மலை நம் வீட்டுக் கொல்லை இல்லை.

*

இனி கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பேசவேண்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. உங்களையும் என்னையும் போல வார நாளில் வேலை பார்த்து, வார இறுதியில் மலைக்கு வந்த இளைஞர்கள், பெண்கள். முந்தின நாள் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கிராமத்து ஜனங்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். அப்படியும் 23 உயிர்கள் போயின.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கற்றுக்கொள்ளத்தான் கடமை இருக்கிறது.

முதல் பாடம், உடை. இதைக் காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு அசலா போலியா என்று பார்க்க இங்கே என்ன செய்வார்கள்? ஓர் இழையை உருவி, நெருப்பில் காட்டுவார்கள். அசல் பட்டு முடி பொசுங்குகிற வாடையோடு கருகி, விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகும். சொட்டும். ஆறினால் கெட்டியான மணியாக நிற்கும். இப்போது யோசியுங்கள். நாம் 'ஸ்போர்ட்ஸ்' என்று வாங்கி மாட்டிக்கொள்ளும் பளபளா பனியனும் பேன்ட்டும் பெரும்பாலும் அந்த ஜாதிதான். நெருப்புக்குப் பக்கத்தில் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மொட்டைப் பாறையில் சீக்கிரம் காய்கிற நல்ல துணிதான் அது. காய்ந்த புல்லும் சருகும் உள்ள கோடைக் காட்டுக்கு வேண்டாம். பருத்தியும் எரியும், மறுக்கவில்லை. ஆனால் உருகி ஒட்டாது. முழுக்கை, முழுக்கால், கொஞ்சம் தளர்வாக, பருத்தி. மாற்றிக்கொள்ள ஒரு பனியன்.

இரண்டாவது பாடம், அந்த அமெரிக்க லிஸ்டில் உள்ள தீப்பெட்டி. வீட்டிலேயே இருக்கட்டும். லைட்டர், சிகரெட், 'கேம்ப் ஃபயர்' ஆசை எல்லாமே. தப்பித் தவறித் தீயைப் பார்த்துவிட்டால், சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். நீங்களும் மேல்நோக்கி ஓடி அதோடு பந்தயம் வைக்காதீர்கள். புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருந்தரை, இவைதான் அடைக்கலம்.

மூன்றாவது, அனுமதி. கடையில் கிடைக்காத சாமான் இது. பையில் கனமே இல்லை. குரங்கணிக்குப் பிறகு, அதே 2018-ல், மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை 40 பாதைகளை ஆன்லைனில் திறந்தது. கூடவே வழி தெரிந்த உள்ளூர்க்காரர் வருவார். காட்டுத்தீ சீஸனில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-லும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடினார்கள். மூடியிருந்தால் காரணம் இருக்கிறது. கோயில் மலைக்கும் ஏற அனுமதிக்கும் நேரம் என்னவென்று முன்னாடியே விசாரியுங்கள். 'நமக்குத் தெரிஞ்ச கார்டு ஒருத்தர் இருக்கார் மச்சி' என்கிற நண்பரோடு பஜ்ஜி சாப்பிடப் போகலாம், காட்டுக்குப் போகவேண்டாம்.

நாலாவது, ஒரு துண்டுச் சீட்டு. யார் யார் போகிறோம், எந்த வழி, எத்தனை மணிக்குக் கீழே வருவோம். எழுதி வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். செல்போனில் டவர் இல்லாத இடத்தில் உங்களைத் தேட ஆரம்பிக்க அந்தச் சீட்டுதான் ஒரே துப்பு. “ஆபீஸ்ல ஓவர்டைம்” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போவது, மாட்டிக்கொண்டால் இரட்டை ஆபத்து!

*

கடைசியாக, மணி. கத்திரி வெயிலில் விடிவதற்குள் அடிவாரத்தில் இருக்கவேண்டும். பதினொரு மணிக்குள் நிழலில் இருக்கவேண்டும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் ஏறுவது வீரம் இல்லை. ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு நூறு அடி இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசி வையுங்கள். மேலே போய்ப் பேசினால் ரோஷம்தான் ஜெயிக்கும்.

கூட வருகிறவன் உளறுகிறானா, தள்ளாடுகிறானா, உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறதா? “டேய், நடிக்காதடா” என்று கலாய்க்காதீர்கள். அது வெயில் அடி. நிழலில் படுக்கவைத்துச் சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு. நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்குச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றாலும் அதேதான். 2024-ல் வெள்ளியங்கிரி ஏறும்போது அப்படித்தான் பலர் இறந்தார்கள். வருஷம் பூரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் மலையைப் பிடிக்கிறவர்கள், முதலில் ஒரு மாதம் திருக்கழுக்குன்றத்துப் படிகளில் பழகலாம். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். தரிசனமும் ஆச்சு, பரீட்சையும் ஆச்சு.

பையைக் கட்டியாச்சா? ஒரு தடவை எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர், உப்பு, இட்லி, துண்டு, டார்ச், மருந்து, மஞ்சப்பை, அனுமதி. தீப்பெட்டி இல்லை. மற்றதெல்லாம் அலங்காரம். செல்ஃபி ஸ்டிக்கைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் உங்கள் ஸீட் காலியாக இருக்கக் கூடாது. கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே வந்து உட்காருங்கள். மேஜைக்கடியில் அன்றைக்கு மட்டும் காலாட்ட முடியாது, அவ்வளவுதான்!