யமுனைத் தண்ணீர் நாகப்பட்டினம் போகும் வழி

2023 ஜூலை 13 அன்று, பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33 மீட்டர்தான். கிட்வாய் நகரில் எங்கள் அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணீரும் கடைசியில் எங்கேதான் போகிறது?" என்று கேட்டார். "எங்கள் ஊருக்கு" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். ரயில்வேயில் பாலங்களோடு காலம் கழித்தவன் நான். பாலத்துக்கு அடியில் போன தண்ணீர் பிறகு என்ன ஆகிறது என்று ஓய்வுக்குப் பின்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதை நம் வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

யமுனை பிரயாகையில் கங்கையோடு சேர்கிறது. கங்கை பிரம்மபுத்திராவோடு கூடி வங்கக் கடலில் விழுகிறது. மகாநதி, கோதாவரி, பர்மாவின் ஐராவதி ஆகியவையும் அங்கேதான் வந்து சேருகின்றன. அரபிக் கடலுக்கு வரும் பெரிய ஆறுகள் குறைவு. வெயிலும் வறண்ட காற்றும் அதன் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே ஒரு கிலோ நீரில் உப்பு சுமார் 36 கிராம். வங்கக் கடலின் வடகோடியிலோ, மழைக்காலம் முடியும் சமயத்தில் மேல்நீரில் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

இதனால் என்ன ஆகிறது என்பதைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு உப்புத் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு மை விடுங்கள். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். உப்பு நீர் கனமானது, அடியில் தங்கிவிடும். வங்கக் கடலும் அப்படியொரு டம்ளர்தான்.

மேலே இருக்கும் அந்த மெல்லிய நல்ல நீர் ஒரு மூடிபோல் வேலை செய்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. அரபிக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கலங்கிக் குளிர்ந்துபோகும் மாதங்களிலும், வங்கக் கடல் 28 டிகிரிக்குக் குறையாமல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பெரிய மழை மேகம் எழ அந்தச் சூடு வேண்டும். அங்கே உருவாகும் தாழ்வு மண்டலங்கள் வடமேற்காக நகர்ந்து கங்கைச் சமவெளிக்கு மழை கொடுக்கின்றன. யமுனை அனுப்பியதில் ஒரு பங்கு யமுனைக்கே திரும்புகிறது!

ரயில்வேக்காரனுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ஒரே பக்கமாக வண்டியை அனுப்பிக்கொண்டே இருந்தால் யார்டு நிரம்பிவிடாதா? காலி ரேக் திரும்ப வேண்டுமே! வங்கக் கடல் ஆண்டுக்கு ஆண்டு உப்புக் குறைந்துகொண்டே போகாததற்குக் காரணம், இங்கேயும் அப் லைன், டவுன் லைன் இரண்டும் இருப்பதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலின் உப்பு நீர் இலங்கைக்குத் தெற்கே சுற்றி வங்கக் கடலுக்குள் நுழைந்து, மூடிக்கு அடியில் புகுந்துகொள்கிறது. 2016இல் 'சிந்து சாதனா' கப்பலில் சென்ற இந்திய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதை இலங்கைக்குக் கிழக்கே அளந்து பார்த்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீரோட்டம் தெற்கே திரும்புகிறது. ஆறுகள் தந்த நல்ல நீர் ஆந்திரம், சென்னை, நாகப்பட்டினம் என்று கரையை ஒட்டியே இறங்கி, இலங்கையைச் சுற்றி அரபிக் கடலுக்குப் போகிறது. கிழக்குக் கரை மீனவர்கள் முறையாகப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த கடல் நீரைச் சோதித்துத்தான், கடலுக்குள் ஓடும் இந்த 'ஆற்றை' விஞ்ஞானிகள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள்.

அது ஓடும் மாதங்கள்தான் நம் ஊரில் புயல் மாதங்கள். சாதாரணமாகப் புயல் கடலைக் கிளறும்போது குளிர்ந்த நீர் மேலே வந்து அதன் வேகத்தைக் குறைக்கும். தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். நல்ல நீர் மூடியிருக்கும் இடத்தில் அந்த அடுப்பு லேசில் அணைவதில்லை. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பேராவூரணிப் பக்கம் என் சித்தப்பாவின் தென்னந்தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. நான் இங்கிருந்து இரண்டு நாள் தொலைபேசியைச் சுழற்றியும் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா பேசினார்: "ஆளுக்கு ஒண்ணும் இல்லப்பா. மரம்தான் போச்சு." தென்னை வளர்த்தவர்களுக்கு அந்த 'தான்' புரியும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நம் கரையோடு முடிவதில்லை. இந்துமாக்கடலின் வெப்ப நீரும் உப்பும் தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றி அட்லாண்டிக்கில் கசிகின்றன. அங்கே வடக்கே போகும் உப்பு நீர் கிரீன்லாந்துப் பக்கம் குளிர்ந்து, கனமாகி, ஆழத்தில் இறங்கி, உலகக் கடல்களையெல்லாம் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பனி உருகி அங்கே நல்ல நீர் கூடினால் இந்தச் சுற்று தளரும் என்பதுதான் விஞ்ஞானிகளின் இன்றைய கவலை.

பஞ்சாபி நண்பருக்கும் அந்த டம்ளரைக் காட்டினேன். இப்போதெல்லாம் யமுனையில் வெள்ளம் என்றால் அவரே கேட்கிறார், "உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று.