ரத்தச் சோதனைக்கும் சாக்குக் கழிவு உண்டு

நம் தொழில் உட்கார்ந்த தொழில். காலையில் கல்லாவில் அமர்ந்தால் இரவு கடை சாத்தும்போதுதான் எழுகிறோம். ராசிபுரமோ நெய்க்குப் பேர்போன ஊர். தொந்தி விழுந்தால் 'வியாபாரம் நன்றாக நடக்கிறது போலும்' என்று வாழ்த்துவதும் நம்மிடையே வழக்கம்.

நம் கடைவீதி மண்டிக்காரர் ஒருவர், 104 கிலோ எடை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. 'என்.டி. புரோ பி.என்.பி.' என்ற ரத்தச் சோதனையில் 110 என்று வந்தது. தாளில் எல்லை 125 என்று போட்டிருந்ததால், இதயத்தில் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, படுக்க முடியாமல் மூச்சுத் திணறிய பிறகே எக்கோ எடுத்தார்கள். இதயச் செயலிழப்பு!

இதயம் நின்றுபோவதல்ல இந்நோய். ரத்தத்தைத் தேவைக்கேற்ப அனுப்ப முடியாமல் தளர்வது. அப்போது இதயத் தசை இழுபட்டு இப்பொருளை ரத்தத்தில் விடுகிறது. ஆனால் பருத்த உடம்பில், நோய் அதே அளவு இருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். எனவே பருமனுக்கேற்ப எல்லையை 25 முதல் 40 விழுக்காடு வரை குறைத்துப் பார்க்கும்படி ஐரோப்பிய இதயச் செயலிழப்பு மருத்துவர் சங்கம் 2023-இல் கூறியது. மூட்டையை நிறுத்தால் சாக்கு எடையைக் கழிக்காமல் நாம் பட்டியல் போடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும்.

'இந்நோய் வந்த பின் குண்டானவர்களே அதிக நாள் வாழ்கிறார்கள்' என்று முன்பு பல ஆய்வுகள் சொன்னதுண்டு. இதை நம்பி நெய்யை அள்ளி ஊற்ற வேண்டாம். 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில், எடைக்குப் பதில் இடுப்பளவை உயரத்தோடு ஒப்பிட்டு, மற்ற நோய் நிலைகளையும் கணக்கில் சேர்த்தபோது அந்தச் சாதகம் மறைந்துவிட்டது.

நம் நாட்டில் 2019-20-இல் 53 மருத்துவமனைகளில் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான இந்நோயாளிகளின் சராசரி வயது சுமார் 60. தொண்ணூறே நாளில் நூற்றுக்குப் 14 பேர் இறந்தனர். அறுபதைத் தாண்டிய நமக்கு இது அடுத்த தெருச் செய்தி அல்ல.

ஆகவே வணிகப் பெருமக்களே, ஒரு நூலை எடுத்து உங்கள் உயரத்தை அளந்து, அதைப் பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லையென்றால் தொந்தி கூடுதல். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, சோதனைத் தாளை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் எடையைச் சொல்லி, எக்கோ தேவையா என்று கேளுங்கள். நம் மண்டி நண்பர் இன்று மருந்தோடும் நடைப்பயிற்சியோடும் கடைக்கு வருகிறார். முதல் இருந்தால்தான் வியாபாரம். உடம்புதான் நம் முதல்.