மலை ஏறும் சைக்கிள்

மகாராஷ்டிரா மாநிலத்தில் புனே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஆகுர்டி. இங்கே தொழிற்சாலைகள் அதிகம். பஜாஜ் ஸ்கூட்டர்கள் தயாரான ஊர் இது.

புனேயிலிருந்து மும்பைக்குப் போகும் பழைய சாலை ஆகுர்டி வழியாகப் போகிறது. இந்தச் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் போனால் லோனாவாலா வரும். அது கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் கண்டாலா. பிறகு சாலை வளைந்து வளைந்து மலையிலிருந்து இறங்கும். அடிவாரத்தில் இருக்கும் ஊர் கோபோலி.

மும்பையிலிருந்து புனேக்குச் சைக்கிள் பந்தயம் நடப்பது உண்டு. அதில் இந்த மலைப் பாதைதான் கடினமான பகுதி. இதில் முந்தி ஏறுபவருக்கு ‘மலைப் பாதையின் ராஜா’ என்று மராத்தியில் பட்டம் கொடுப்பார்கள்.

பயிற்சி செய்வது எப்படி?

ஆகுர்டியில் வேலை செய்யும் ஒருவர் இந்த மலையில் சைக்கிளில் ஏற ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடனே மலைக்குப் போகலாமா? கூடாது. முதலில் சமமான சாலையில் ஓட்டிப் பழக வேண்டும். பிறகு சிறிய மேடுகளில் ஏற வேண்டும். தூரத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

தொடர்ந்து ஓட்டினால் இதயம் பலப்படும். கால் தசைகளும் உறுதியாகும். ஆனால் ஓய்வும் தேவை. களைத்த தசைகள் ஓய்வில்தான் தேறுகின்றன. இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வழியில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறும். உப்புப் போட்ட மோர் நல்லது. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பலம் தரும்.

கியர் என்ன செய்கிறது?

50 கிலோ மூட்டையை ஒரே தடவையில் மாடிக்குத் தூக்குவது கஷ்டம். பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்தால் தூக்குவது சுலபம். ஆனால் ஐந்து தடவை ஏற வேண்டும். கியரும் இப்படித்தான். முன்னால் சிறிய பல்சக்கரத்திலும், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயின் ஓடினால் பெடல் லேசாகும். ஆனால் அதிக தடவை மிதிக்க வேண்டும். மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும்.

இறங்கும்போதும் கவனம் தேவை. தலைக்கவசம் அணிய வேண்டும். இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பிரீத்தி மஸ்கேயின் பயணம்

புனேயைச் சேர்ந்தவர் பிரீத்தி மஸ்கே. இரண்டு குழந்தைகளின் தாய். உடல் நோயும் மனச்சோர்வும் அவரை வாட்டின. அவற்றை வெல்லவே சுமார் 40 வயதில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்.

2022 ஜூன் 22 அன்று காலை 6 மணிக்கு, இமயமலையில் உள்ள லே நகரத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. ஜூன் 24 அன்று மதியம் மணாலி போய்ச் சேர்ந்தார். தூரம் 430 கிலோமீட்டர். ஆன நேரம் 55 மணி 13 நிமிடம். எல்லைச் சாலைகள் அமைப்பினர் வாகனங்களில் உடன் வந்து உதவினார்கள்.

அந்த வழியில் தங்லங் லா என்ற கணவாய் இருக்கிறது. அது 5,300 மீட்டருக்கும் அதிக உயரம். உயரம் கூடக் கூடக் காற்று குறையும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். பிரீத்திக்கும் மூச்சுத் திணறியது. வழியில் இரண்டு தடவை ஆக்சிஜன் எடுத்துக்கொண்டார். பிறகு பயணத்தைத் தொடர்ந்தார்.

அதனால், உயரமான மலைக்குப் போகிறவர்கள் சில நாள் அங்கே தங்கி உடலைப் பழக்க வேண்டும். தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாவிட்டால் உடனே கீழே இறங்க வேண்டும். வீம்பு பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மலை எங்கேயும் போகாது. உடம்பு தேறியபின் மீண்டும் ஏறலாம்.