எச்சில் சுரப்பியில் புற்றுநோயா? உயிரைத் தீர்மானிக்கும் அதிசயக் கணக்குகள் தெரியுமா?

ஒரு நாளைக்கு உங்கள் வாயில் ஊறும் எச்சில் எவ்வளவு தெரியுமா? அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை! அதைச் சுரக்க மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள். அவை போக உதடு, கன்னம், அண்ணம் என்று எங்கும் 600 முதல் 1000 குட்டிச் சுரப்பிகள்! இவற்றில் எதில் வேண்டுமானாலும் புற்றுநோய் வரலாம். வந்தால் பிழைப்பதை எதெல்லாம் முடிவு செய்கிறது தெரியுமா?

சுரப்பி சிறிதானால் ஆபத்து பெரிது!
பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்கு முன்னால் வீங்குமே, அந்தப் பரோடிட் சுரப்பிதான் எல்லாவற்றிலும் பெரியது. அதில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் புற்று. தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்? கிட்டத்தட்டப் பாதி! நாக்குக்கு அடியில் இருக்கும் மிகச் சிறியதில்? பத்தில் ஏழுக்கும் மேல்!

எங்கே நிற்கிறது நோய்?
சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டால், அமெரிக்கக் கணக்குப்படி 5 ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல்! தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு? பாதிக்கும் கீழே!

ஒரே பெயர், இரண்டு தலைவிதி!
இந்தச் சுரப்பிகளில் அதிகம் வரும் புற்று மியூகோஎபிடெர்மாய்டு. அதில் சாதுவான ரகம் வந்தவர்களில் 5 ஆண்டு கடப்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். மூர்க்கமான ரகம் என்றால் அது பாதி அளவுக்குச் சரிந்துவிடுகிறது! வித்தியாசத்தை உறுதி செய்வது மைக்ரோஸ்கோப்தான்!

முகம் கோணினால் உஷார்!
கண்ணை மூடவும் சிரிக்கவும் வைக்கும் முகநரம்பு, பரோடிட் சுரப்பிக்கு உள்ளேயே புகுந்து 5 கிளைகளாகப் பிரிகிறது தெரியுமா? கட்டியோடு முகமும் ஒரு பக்கம் தொங்கினால், புற்று அந்த நரம்பைப் பிடித்திருக்கலாம். பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் பெரிய அறிகுறி அது!

15 ஆண்டு கழித்தும் திரும்பி வரும்!
அடினாய்டு சிஸ்டிக் என்ற ரகம், தண்டவாளத்தில் ரயில் போவதுபோல நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகும்! குணமாகிவிட்டது என்று நினைத்து 10, 15 ஆண்டு ஆன பிறகும் தலைதூக்கும்! இன்னொரு விந்தை: இது நுரையீரலுக்குப் பரவிய பிறகும் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு!

எச்சில் சுரப்பி நோய்க்கு மார்பக மருந்து!
உமிழ்நீர் நாளத்தில் வரும் ஒரு முரட்டுப் புற்று, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கு அப்படியே மார்பகப் புற்று! மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் மருந்து சிலருக்கு இதிலும் வேலை செய்கிறது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கான ஹார்மோன் சிகிச்சையும் சிலருக்குப் பலன் தருகிறது, பெண்களுக்கும்கூட!

2010-இல் அடையாளம், 2018-இல் மருந்து!
செக்ரீட்டரி கார்சினோமா என்ற ரகம் தனி நோய் என்று தெரிந்ததே 2010-இல்தான்! அதில் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒட்டிய புற்றுகளைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் மாத்திரைக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சோதனையில் கலந்துகொண்ட 55 பேரில் 12 பேருக்கு இருந்தது எச்சில் சுரப்பிப் புற்றுதான்!

தாடை போனது, பேச்சு போனது, எழுத்து நிற்கவில்லை!
சிகாகோவின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு 2003-இல் எச்சில் சுரப்பியில் புற்று. 2006-இல் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை இழந்தார். பேச முடியாது, வாயால் சாப்பிட முடியாது! 2013-இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் அவர் எழுதிய விமர்சனங்கள் எத்தனை தெரியுமா? 306!

வலிக்காத கட்டியை நம்பலாமா?
கூடாது! புற்றில்லாத சாதாரணக் கட்டி ஒன்று உண்டு, பெயர் பிளியோமார்ஃபிக் அடினோமா. அதை அப்படியே விட்டுவைத்தால் முதல் 5 ஆண்டில் புற்றாக மாறும் வாய்ப்பு சுமார் 1.5 சதவீதம். 15 ஆண்டு தாண்டினால்? கிட்டத்தட்ட 10 சதவீதம்! காதோரம், தாடைக்கு அடியில், வாய்க்குள் என எங்காவது மறையாத கட்டி தென்படுகிறதா? மெல்லிய ஊசி வைத்து எடுக்கும் ஒரு சோதனையே பல நேரம் விடை சொல்லிவிடும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்!