முத்துக் கடலும் எண்ணெய்க் கிணறும்

சிலாவத்துறைக் கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு இன்று தென்படுவன மீன்பிடி வள்ளங்களே. ஆயின் 1905ஆம் ஆண்டில், இதற்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில், ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழுந்திருந்தது. அவ்வாண்டு முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் 25 இலட்சம் ரூபாய் ஈட்டியது. நம்மவரோடு பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் இங்கே மூழ்கினர்.

அக்காலத்தில் குவைத்தும் முத்தை நம்பியே வாழ்ந்தது. ஜப்பானியரின் வளர்ப்பு முத்து அத்தொழிலை வீழ்த்தியது. 1938இல் புர்கானில் எண்ணெய் கண்டனர். பிழைப்பின் திசை மாறிற்று. பின்னாளில் நம்மவர் அங்கே சென்றனர்.

அங்ஙனம் சென்றோருள் ஒருத்தி, எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த என் பழைய மாணவி. குவைத்தில் ஒரு வீட்டில் பணிபுரிந்தாள். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை அந்நாட்டினுள் புகுந்தது. உடுத்த துணியோடு பாலைவனங் கடந்து ஜோர்தானை அடைந்து, செப்டெம்பரில் ஊர் திரும்பினாள். ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினர். அவள் மீண்டும் வீடிழந்து கடல்வழியே புத்தளம் சேர்ந்தாள்.

பல ஆண்டுகளின் பின் அங்கே அவளைக் கண்டேன். “சேர், மூன்று மாதத்துக்குள்ளே இரண்டு தரம் வெளிக்கிட்டேன். இரண்டு தரமும் ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை” என்றாள். அந்த ‘ஏன்’ என்னை நெடுநாள் வருத்திற்று. முதல் வெளியேற்றத்துக்கேனும் விடை தேட முயன்றேன்.

ஈராக் தன் எண்ணெயை 1972இல் நாட்டுடைமையாக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. 1979இல் சதாம் ஹுசைன் அதிபரானார். பாடசாலையும் மருத்துவமனையும் பெருகியது உண்மையே, படைக்கலமும் பெருகியது. 1980இல் ஈரான்மீது தொடுத்த போர் எட்டாண்டு நீடித்துப் பெருங்கடனை விட்டுச் சென்றது. கடன் கொடுத்தோருள் குவைத்தும் ஒன்று. அது அளவுக்கு மிஞ்சி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டியே சதாம் படையெடுத்தார். அது நிலைத்திருப்பின், உலகில் அறியப்பட்ட எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரு மனிதரின் கையில் இருந்திருக்கும்.

வரியால் வாழும் அரசு குடிகளின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கிணற்றால் வாழும் அரசனுக்கு அத்தேவை இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாதபோது வேட்கைக்கு எல்லையும் இல்லை. பழியைச் சதாம் ஒருவர்மீதே சுமத்திவிடுதலும் நேர்மையன்று. சோவியத் ஒன்றியமும் பிரான்சும் அவருக்குப் படைக்கலம் விற்றன. எண்ணெய்ப் பணம் வந்தவரை எவரும் முகஞ்சுளிக்கவில்லை.

1991 பெப்ரவரியில் குவைத் மீண்டது. தோற்றோடிய படை 600க்கு மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. நவம்பரிலேதான் இறுதித் தீ அணைந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் இழப்பீட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்தே 5,240 கோடி டொலர் வழங்கி, 2022இல் பணியை முடித்தது. என் மாணவிக்கும் ஒரு தொகை கிடைத்தது. “குவைத்தில் விட்டுவந்த பெட்டிக்குக் காசு வந்தது, சேர். எருக்கலம்பிட்டி வீட்டுக்கு வரவில்லை” என்றாள்.

2011இல் மன்னார்க் கடலடியில் இயற்கை வாயு இருப்பதைக் கெயின் லங்கா நிறுவனம் துளையிட்டுக் கண்டது. ஊரார் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆயினும் 1905இன் 25 இலட்சம் நினைவுக்கு வந்தது. அப்பணம் எங்கே செலவாகவேண்டும் என்று மன்னார்க் குடிகளை அன்று எவரும் கேட்கவில்லை. நாளை இக்கடலிலிருந்து செல்வம் எழுமாயின், அதன் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்குமா? அவ்வுரிமை இல்லாத இடத்தில், கடலடிச் செல்வம் கடலடியிலேயே கிடப்பது மேல்.