காந்திபுரத்தில் பஸ் ஏறுவோம்... கூட்டமில்லாத ஊர் போவோம்!

மே மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். தோளில் குழந்தை, கையில் கட்டுச்சோற்றுப் பையோடு குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். "ஏனுங்க, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ்ஸுங்க போகும்?" என்ற கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும். எல்லாருக்கும் ஊட்டிதான்!

மாலையில் அதே குடும்பங்கள் திரும்பி வரும்போது கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "எங்கீங்க பார்த்தோம்? மலை ஏறுற வரைக்கும் முன்னாடி நின்ன வேனோட முதுகைத்தான் பார்த்தோம்."

ஊட்டியைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் கிடைக்கிற நாலைந்து விடுமுறை நாட்களையும் டிராபிக்கிலேயே கழிக்க வேண்டுமா? காந்திபுரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள், பலரும் எட்டிப் பார்க்காத ஊர்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. கையில் உள்ள போனையும் அரசு தரும் சேவைகளையும் சரியாகப் பயன்படுத்தினால், செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இ-பாஸ் விஷயம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

அதாவது சீசன் நேரத்தில் "கிளம்பிப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கார் எடுத்தால், செக்போஸ்டிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும். பாஸ் கிடைக்காத வாரத்தில் என்ன செய்வது? வண்டியைக் கிழக்கே திருப்புங்கள்.

ஏன் கிழக்கே?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைத் தாண்டி கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து கரூருக்குப் போன பழைய வணிகப் பாதையும் இந்த ஆற்றை ஒட்டித்தான் சென்றது. கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் அதனால்தான். வணிகம் நடந்த வழியில் கோயில், குளம், சமணப் பள்ளி, கைத்தொழில் ஊர்கள் எல்லாம் உருவாயின. அவற்றில் மிச்சம் இருப்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

1. சர்க்கார் பெரியபாளையம்: ஒரே ஊரில் கோயிலும் குளமும்

காந்திபுரம் மப்சல் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. சுமார் 50 கி.மீ. ரயிலில் போகிறவர்கள் கோவை சந்திப்பிலிருந்து போகலாம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் பத்து கி.மீ.க்குள் சர்க்கார் பெரியபாளையம் வந்துவிடும்.

இங்கே உள்ள சுக்ரீஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழம்பெயர் குரக்குத்தளி. குரங்கு முகம் கொண்ட சுக்ரீவன் லிங்கத்தை வழிபடும் சிற்பம் ஒன்று உண்டு. குழந்தைகளிடம் "எங்கே இருக்குன்னு கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் அவர்கள் போனைக் கேட்க மாட்டார்கள். கோயிலில் இரண்டு நந்திகள் இருப்பதற்கும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வயலில் மேய்ந்த மாட்டின் காதை ஒரு விவசாயி அறுத்துவிட்டாராம். மறுநாள் பார்த்தால் கோயில் நந்திக்குக் காது இல்லையாம்! அதனால்தான் இன்னொரு நந்தி வந்ததாம்.

அதே பகுதியில் இருக்கிறது நஞ்சராயன் குளம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. சுமார் 125 ஹெக்டேர் பரப்பு. இதுவரை இங்கே 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகூட இங்கே வருவதுண்டு. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஊரில் இப்படி ஒரு குளம் இருப்பது திருப்பூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். மத்தியானம் போனால் தண்ணீரும் வெயிலும்தான் இருக்கும். ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இதே மாதிரி வெள்ளோடு பறவைகள் சரணாலயம் பக்கம். அதுவும் 2022 முதல் ராம்சார் தலம்.

2. விஜயமங்கலம்: நெடுஞ்சாலையில் தாண்டிப் போகும் ஊர்

கோவையிலிருந்து சேலம் போகிறவர்கள் எல்லோரும் விஜயமங்கலத்தைத் தாண்டித்தான் போகிறோம். சுங்கச்சாவடி ஞாபகம் இருக்கும், சமணக் கோயில் ஞாபகம் இருக்காது. மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே போனால் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில். உள்ளூர்க்காரர்களிடம் "நெட்டைக் கோபுரம் எங்கீங்க?" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

பெருங்கதை என்னும் காப்பியத்தைப் பாடிய கொங்குவேளிரின் ஊர் இது. கர்நாடகத்தில் சரவணபெலகொளாவில் 57 அடி உயரக் கோமதீஸ்வரர் சிலையைச் செய்வித்த சாமுண்டராயரை நமக்குத் தெரியும். அவருடைய சகோதரி புள்ளப்பை உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இந்தக் கோயில். அதைச் சொல்லும் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அண்ணன் எழுப்பிய சிலையைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் போகிறது. தங்கையின் நினைவுக்கல் நம் பக்கத்து ஊரில் சத்தமில்லாமல் இருக்கிறது.

கோயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீடுகளில் மரியாதையாகக் கேளுங்கள். "அம்மா, கோயிலைத் திறக்கிறவங்க யாருங்க?" என்றாலே போதும், ஆளைக் காட்டுவார்கள். கல்வெட்டின் மேல் சாக்பீஸ், பவுடர் எதையும் தேய்த்து எழுத்தைத் 'தெளிவாக்க' முயல வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

3. கொடுமணல்: கண்ணால் பார்ப்பது கொஞ்சம், தெரிந்துகொள்வது நிறைய

சென்னிமலைக்குத் தென்மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தொடங்கி பல கட்டங்களாக நடந்த அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்து பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளின் தடயங்கள் எல்லாம் கிடைத்தன. ரோம் வரைக்கும் போன பச்சைக்கல் மணிகள் உருவான ஊர்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அங்கே போனால் பெரிய கட்டடமோ மியூசியமோ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவார்கள். வயல், பனைமரம், ஆறு, இறந்தோர் நினைவாக நட்ட கற்கள், இவ்வளவுதான். படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது பொக்கிஷம், படிக்காமல் போனால் வெறும் காடு. பஸ் குறைவு என்பதால் சொந்த வண்டி இருப்பவர்களுக்கே இது வசதி. தனியார் நிலத்தில் கேட்காமல் இறங்க வேண்டாம். தரையில் பானை ஓடோ மணியோ கிடந்தால் போட்டோ எடுங்கள், பையில் போடாதீர்கள்.

இன்னொன்று: திருப்பூருக்குக் கீழே நொய்யலில் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். சாயக்கழிவால் பல ஆண்டுகள் பாதிக்கப்பட்ட ஆறு இது.

வெளியூர் போக நேரமில்லையா?

காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரத்திலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சிகள் அருங்காட்சியகம். இரண்டுக்கும் விடுமுறை நாள், நேரம் மாறலாம் என்பதால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காட்டுக்குள் போவது மட்டும் வேறு கணக்கு

கோயிலுக்கும் குளத்துக்கும் நினைத்தபோது போகலாம். காட்டுக்கு அப்படி இல்லை. ரீல்ஸில் 'யாருக்கும் தெரியாத அருவி' என்று லொகேஷன் போடுவார்கள். அது பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கும். அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அபராதத்தைவிடப் பெரியது உயிர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களில் நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கோவை மாவட்டத்தில் சாடிவயல்–சிறுவாணி, செம்புக்கரை–பெருமாள்முடி, ஆழியாறு கால்வாய்க் கரை ஆகியவை இதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறீர்களா? பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு இருக்கிறது. வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. பரிசல் சவாரி, அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆன்லைனில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த மக்களின் வருமானமாகிறது.

கிளம்பும் முன் போனில் செய்ய வேண்டியவை

- ரயிலில் போனால் 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவில்லா டிக்கெட்டும் எடுக்கலாம். கவுண்டரில் நிற்க வேண்டாம்.
- சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 'விடியல் பயணம்' திட்டத்தில் கட்டணம் இல்லை. மப்சல் பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. திருப்பூரில் இறங்கி டவுன் பஸ் மாறினால், அந்தத் தூரத்துக்கு மிச்சம்.
- கூகுள் மேப்ஸில் போக வேண்டிய பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கிராமத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் வழி தெரியும்.
- வனத்துறை முன்பதிவை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் க்யூஆர் கோடுக்குப் பணம் போட வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.
- 'காவல் உதவி' செயலியை முன்பே பதிவு செய்து வையுங்கள். ஆபத்தில் ஒரு பட்டனில் உங்கள் இருப்பிடம் போலீசுக்குப் போகும். அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 108.
- கோயில்கள் பொதுவாக மத்தியானம் நடை சாத்திவிடும். காலையில் கோயில், குளம் என்று திட்டமிடுங்கள்.
- கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். "அண்ணா, சாயங்காலம் திரும்ப பஸ் எத்தனை மணிக்குங்க?" என்ற ஒரு கேள்வி, மேப் சொல்லாததைச் சொல்லும்.

கூட்டமில்லாத இடம் அப்படியே இருக்கட்டும்

சின்ன ஊர்களில் குப்பைத் தொட்டி, கழிப்பறை, பார்க்கிங் எல்லாம் பெரிய சுற்றுலாத் தலம் மாதிரி இருக்காது. பத்துப் பேர் போட்டுவிட்டு வந்த பிளாஸ்டிக் கவர் அங்கேயே கிடக்கும், குளத்துக்குள்தான் போய்ச் சேரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஒரு மஞ்சப்பை, ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குளக்கரையில் ஸ்பீக்கர் வேண்டாம். டீயும் இளநீரும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறு காந்திபுரத்தில் எல்லாரும் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு பஸ் தேடும்போது, நீங்கள் திருப்பூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எட்டரைக்கெல்லாம் நஞ்சராயன் குளக்கரையில் நிற்கலாம்.