கால்சியத்தைத் தேடிப் பிடிக்கும் மாத்திரை

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2013இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்கென்று கட்டியது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளும் இத்தகைய ஆலைகளுக்கெல்லாம் பொதுவான எதிரி ஒன்று உண்டு. சவ்வின் மேல் கால்சியம் உப்புகள் படிந்து துளைகளை அடைத்துவிடும். இதைத் தடுக்க உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது பாஸ்போனேட் வகை வேதிப்பொருள்கள். துளியூண்டு கலந்தாலே போதும். கால்சியம் படிகம் முளைவிடும்போதே அதன் மேல் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாது. அவற்றுள் ஒன்று எச்.இ.டி.பி. கொதிகலனுக்கும் சோப்புக்கும் போகும் இந்தப் பொருளுக்கு மருந்து உலகில் எட்டிட்ரோனேட் என்று பெயர். எலும்புகள் உள்ளுக்குள் மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கு இன்று எழுதித் தரப்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் சோலெட்ரோனிக் அமில ட்ரிப்ஸும் அதன் தம்பிகள்.

குழாயில் இருந்தது மாத்திரைக்குள் வந்த கதைக்குக் காரணம் ஒரு கேள்வி. இரத்தத்திலும் சிறுநீரிலும் இவ்வளவு கால்சியம் கரைந்திருந்தும் உடம்பு முழுக்க ஏன் கல்லாக இறுகிவிடவில்லை? சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் 1960களில் விடையைக் கண்டார். பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு படிகம் வளர்வதைத் தடுக்கிறது. அதையே மருந்தாக்கலாம் என்றால், விழுங்கியதும் நொதிகள் அதை இரண்டாக வெட்டிவிடுகின்றன. வெட்டு விழுவது நடுவில் இருக்கும் ஆக்சிஜன் அணுவில்தான். அந்த ஓர் அணுவை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் வெட்ட முடியாது. அப்படி ஒரு பொருள் சலவைத்தூள், பற்பசை ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருந்தது. அது எலும்பு கரைவதைத் தடுக்கிறது என்ற முடிவு 1969இல் வெளியானது. இக்குடும்பத்துக்குப் பிஸ்பாஸ்போனேட் என்று பெயர்.

எலும்பு ஓயாமல் வேலை நடக்கும் இடம். வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு, புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். அது எலும்பின் மேல் உட்கார்ந்து, ஓரத்தைச் சுற்றிலும் கசியாதபடி மூடிக்கொண்டு, அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. நம் வயிற்றில் சுரக்கும் அதே அமிலம். சில வாரங்களில் தலைமுடியின் தடிமனளவு ஆழத்துக்கு ஒரு குழி விழுகிறது. அதை நிரப்புவது ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கட்டும் செல்களின் வேலை. அதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கும் செல்களின் ஆயுள் கூடிவிடுகிறது. குழிகள் பெருகுகின்றன, எதுவும் முழுசாக நிரம்புவதில்லை. முதுகெலும்புக்குள்ளும் தொடை எலும்பின் கழுத்திலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கம்பிகள் இப்படி இளைத்து, ஒருநாள் அறுந்துபோகின்றன. கட்டும் செல்களுக்கு ஏறி நின்று வேலை செய்ய ஒரு பரப்பு வேண்டும். அறுந்த இடத்தில் அது இல்லை. போன கம்பி போனதுதான். மருந்தைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்தின் சாமர்த்தியம் இனிமேல்தான். பிஸ்பாஸ்போனேட் இரத்தத்தில் நுழைந்த சில மணி நேரத்தில் எலும்புப் பரப்பின் கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது, மீதி சிறுநீரில் போய்விடுகிறது. பற்றிக்கொண்டது அங்கே சும்மா கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் வந்து அமிலம் ஊற்றும்போதுதான் பிடி தளர்ந்து மருந்து விடுபடுகிறது. அரித்த எலும்போடு சேர்த்து அதையும் அந்தச் செல் விழுங்கிவிடுகிறது. உள்ளே போன அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து ஒரு முக்கியமான நொதியை நிறுத்துகிறது, செல் முடங்குகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்யும் அதே வேதிப்பாதையில், சில படிகள் தள்ளி இருக்கிறது இந்த நொதி. அரிக்கிற செல்லே தன் அமிலத்தால் மருந்தை அவிழ்த்துத் தின்னும்படி அமைந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இந்தக் கால்சிய ஆசைதான் மாத்திரையின் விசித்திரமான விதிகளுக்கும் காரணம். விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. பாலும் காபியும் கூடச் சேர்ந்தால் அதுவும் போச்சு. ஆகவே வாரத்தில் ஒரு நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கடின நீர் ஆகாது, அதிலும் கால்சியம் இருக்கிறது. பிறகு அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும், அல்லது நடக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் தங்கிவிட்டால் புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் என்று மருந்தை விட்டவர்களில் சிலர் உண்மையில் விட்டது இந்த அரைமணி நேரத்தைத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தில் வயிற்றுத் தொந்தரவு இல்லை. ஆனால் முதல் ட்ரிப்ஸுக்குப் பின் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். நின்றுபோன நொதிக்கு முந்தைய படியில் ஒரு பொருள் தேங்குகிறது. கிருமிகளிடம் இருக்கும் பொருளும் அதே சாயல் கொண்டது. நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை, கிருமி புகுந்துவிட்டது என்று எண்ணிச் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. பாரசிட்டமால் போட்டால் சில நாளில் அடங்கும். இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்குத்தான் வரும்.

இந்த மருந்துகளைப் பற்றிய பயத்துக்கு உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவுகளில் இது அதிகம். எலும்புப்புரைக்கான அளவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் வருகிறது. தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடலாம். இன்னொன்று, தொடை எலும்பு நடுவில் குறுக்காக முறிவது. அரிப்பை நிறுத்தினால் பழுதுபார்ப்பும் மந்தமாகும். தினசரி அழுத்தத்தில் விழும் நுண்ணிய விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் முறிவதற்கு வாரங்கள், மாதங்கள் முன்பே தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமான வலி வரும். அந்த வலியை மூட்டுவலி என்று ஒதுக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இதை எடை போட நல்ல கணக்கு ஒன்று 2020இல் வெளியானது. தெற்கு கலிபோர்னியாவில் மருந்து எடுத்த, 50 வயது தாண்டிய 1,96,129 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. பத்தாயிரம் வெள்ளைக்காரப் பெண்கள் மூன்றாண்டு மருந்து எடுத்தால் 149 இடுப்பு எலும்பு முறிவுகள் தவிர்க்கப்படும், 2 பேருக்குத் தொடை முறிவு வரும் என்றது. ஆசிய வம்சாவளிப் பெண்களில் தவிர்க்கப்படுவது 91, வருவது 8. நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை. 2011 கணக்கெடுப்பில் மாமல்லபுரத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 15,000தான். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான பெண்கள் மருந்து எடுத்தால் எட்டுப் பேர். இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. ஆனாலும் அந்த எட்டை மருத்துவர் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. ஏற்கெனவே லேசாக வழுக்கி விழுந்து மணிக்கட்டோ முதுகெலும்போ முறிந்தவர், கூன் விழுந்து உயரம் குறைந்தவர் தயங்கக் கூடாது என்பது என் எண்ணம். முதுகெலும்பு முறிவு கண்ட 2,027 பெண்களிடம் 1996இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டில் புதிய முதுகெலும்பு முறிவு மருந்தில்லாதவரில் நூற்றுக்கு 15, அலெண்ட்ரோனேட் எடுத்தவரில் 8. ஐம்பத்தைந்து வயதில் எதுவும் முறியாமல், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2 என்று வந்தவருக்கு அவசரமில்லை. மைனஸ் 2.5தான் எலும்புப்புரையின் எல்லைக்கோடு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பலருக்கு வைட்டமின் டி போதவில்லை, சாப்பாட்டில் கால்சியமும் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் நிறைய உண்டு. கூழும் மீனும் அடித்தளம்தான், முறிந்த பிறகு அவை மட்டும் போதாது. ட்ரிப்ஸ் ஏற்றும் முன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் மூன்றையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும்.

தொடங்கினால் சாகும்வரை எடுக்க வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம். எலும்பில் ஒட்டிய மருந்து ஆண்டுக்கணக்கில் தங்கும். அதனால் ஐந்தாண்டு மாத்திரைக்குப் பின், ஆபத்து குறைவானவர்களுக்கு மருத்துவர்களே இடைவேளை விடுகிறார்கள். மருந்தை நிறுத்தியதும் தொடை முறிவின் அபாயம் சட்டென்று இறங்குகிறது, பாதுகாப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது. டெனோசுமாப் என்ற ஆறு மாத ஊசிக்கு இந்தச் சலுகை இல்லை. அது எலும்பில் ஒட்டாது. ஊசி தவறினால், அடக்கிவைத்த அரிக்கும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பி, சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கியிருக்கின்றன. அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவர் அடுத்த தேதியை அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்துவதாக இருந்தால் மாற்று மருந்து என்ன என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.